பிக்கப் வண்டிகளில் எது நம்பகமானது? பேரும் கணக்கும்

சரக்கு வண்டி ஸ்டாண்டில் எந்த கம்பெனி நல்ல வண்டி என்று கேட்டால், பேச்சு சீக்கிரமே எது அதிக லோடு தாங்கும் என்பதில் வந்து நிற்கும். சிக்கலே அங்கேதான்.

2005-இல் வந்த டாடா ஏஸ் (வடக்கே 'சோட்டா ஹாத்தி', நமக்கு 'குட்டி யானை') இரண்டு சிலிண்டர் எஞ்சினோடு முக்கால் டன் ஏற்றுவதற்கான வண்டி. 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் 1.25 டன். மஹிந்திரா பொலேரோ பிக்கப்பிலோ 1.7 டன் மாடலே உண்டு. ஏஸில் ஒன்றரை டன்னை ஏத்தி, ஸ்பிரிங் பட்டை ஒடிஞ்சதும் 'பொலேரோதான் கெட்டி' என்றால், அது பிராண்டு ஒப்பீடே இல்லை.

டேட்டாவைப் பார்க்கலாமே என்றால், அரசின் 'வாகன்' தளம் எந்த நிறுவன வண்டி எத்தனை பதிவானது என்று காட்டும். எத்தனை வண்டி வழியில் நின்றது என்று காட்டாது. அதிகம் விற்கிற வண்டிக்கு ஸ்பேர் எளிதாகக் கிடைக்கும், மெக்கானிக்குக்கும் அது பழக்கம். அந்தச் சௌகரியமும் 'நம்பகம்' என்ற பேரில் சேர்ந்துவிடுகிறது, மறுவிற்பனை விலையிலும் தெரிகிறது.

2019 சட்டத் திருத்தப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள், பழைய ஓனர் அதில் என்ன சரக்கு ஏற்றினார் என்பதை முதலில் விசாரிக்கலாம். செங்கல்லா, பிஸ்கட் பெட்டியா?