பேடா, துணியா, கப்பா? முதல்ல இடம் எங்கேன்னு சொல்லுங்க

லீவுக்கு ஊருக்கு வர்ற சொந்தக்காரப் பிள்ளைகள் ரெண்டு கட்சியா இருக்காங்க. "இன்னுமா துணி வைக்கிறீங்க, பேட் வாங்கக் கூடாதா?"ன்னு ஒரு கட்சி கேக்குது. "பேட் பூரா பிளாஸ்டிக், பாட்டி காலத்துத் துணிதான் இயற்கை"ன்னு இன்னொரு கட்சி சொல்லுது. ரெண்டு பேருமே நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா பேச்செல்லாம் பொருளைப் பத்தியே இருக்கு. அதை எங்கே மாத்துறது, எங்கே கழுவுறது, எங்கே போடுறதுன்னு யாரும் கேக்கிறதில்லை. கிராமத்துப் பெண்ணுக்கு எது தோதுப்படும்ங்கிறதை அந்த மூணு கேள்விதான் முடிவு பண்ணுது.

காரைக்குடியைத் தாண்டி எங்க பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைச்சுட்டு மழைக்குக் காத்திருப்போம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடிச்சதும் களை எடுப்பு. அது பெரும்பாலும் பொம்பளைங்க வேலை. காலடியில் தண்ணி, மேலே தூறல், ஒதுங்கணும்னா கருவேலங்காடு. பேடை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருதடவை மாத்தணும்னு டாக்டர்மார் சொல்றாங்க. வயலுக்கு நடுவுல எங்கே வச்சு மாத்துறது? மாத்தினதை எதில் சுத்தி எங்கே வைக்கிறது? அதனால காலையில் வச்சதை வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்துதான் எடுக்கிறாங்க. தொடை இடுக்கு உராய்ஞ்சு புண்ணாகுது. ஒண்ணுக்குப் போக இடமில்லேன்னு தண்ணி குடிக்காமலே வேலை செய்றவங்களும் இருக்காங்க, நீர்க்கடுப்பு வராம என்ன செய்யும்? இதெல்லாம் வேண்டாம்னு அந்த மூணு நாளும் வீட்டில் இருந்தா கூலி போச்சு.

2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே வேலை நடக்கிற இடத்தில் குடிதண்ணி, நிழல், முதலுதவிப் பெட்டி வேணும்னு எழுதினாங்க. அந்தப் பட்டியலில் கழிப்பறை இல்லை. கண்மாய்க் கரையில் மண் வெட்டப் போன கூட்டத்தில் பெரும்பாலும் பெண்கள்தான்.

பேடை மலிவாக்குற வேலையில் தமிழ்நாடு எப்பவுமே முன்னாடி. கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் கண்டுபிடிச்ச சின்ன மெஷின் எத்தனையோ மகளிர் குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2012-ல் புதுயுகம் திட்டம் வந்தது. கிராமத்தில் 10 முதல் 19 வயசுப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு 18 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6 பேட், இலவசம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதால எவ்வளவு நிம்மதியானாங்கன்னு நானே பார்த்திருக்கேன். கணக்குப் போட்டா வருஷத்துக்கு 108, மாசத்துக்கு 9. அஞ்சு நாள்னு வச்சுக்கிட்டா ஒரு நாளைக்கு ரெண்டுகூட முழுசா வராது. பிரசவமான தாய்மாருக்கும் சிறையில் இருக்கிற பெண்களுக்கும் இதே திட்டத்தில் கிடைக்குது. ஆனா இருபது வயசிலிருந்து நாப்பத்தஞ்சு வரைக்கும் வயலில் நிக்கிற பெண் இந்தக் கணக்கில் வரலை. அவளுக்கு மக்கள் மருந்தகத்தில் 2019-லிருந்து ஒரு ரூபாய்க்கு பேட் இருக்கு. ஆனா அதை வாங்க டவுனுக்கு பஸ் ஏறணும்.

வாங்கிட்டாலும் அடுத்த தலைவலி, அதை எங்கே போடுறதுங்கிறது. பேடுக்குள்ள ஈரத்தை உறிஞ்சுற ஜெல் இருக்கு, அடியில் பிளாஸ்டிக் தாள் இருக்கு. மண்ணில் புதைச்சா உழும்போது அப்படியே மேலே வருது, நாய் இழுத்துட்டு வருது. குப்பையோடு போட்டுக் கொளுத்தினா, அந்தக் குறைஞ்ச சூட்டில் நச்சுப்புகைதான் வரும். ஊராட்சி வண்டியில் போட்டா தூய்மைக் காவலரா வேலை பாக்கிற இன்னொரு பெண்தான் அதைக் கையால் பிரிக்கணும். பயன்படுத்தின பேடைப் போட ஒரு உறை கொடுக்கணும், தனியா சுத்திப் போடணும்னு 2016-லேயே வந்த திடக்கழிவு விதிகள் சொல்லுச்சு. அதைச் செய்றது ரொம்பச் செலவுமில்லை, ஆனா செய்றவங்க குறைவு.

அப்போ துணிக்கே திரும்பிரலாமா? துணியில் தப்பு இல்லை. பச்சைத் தண்ணியில் அலசி, சோப்புப் போட்டுத் துவைச்சு, நல்ல வெயிலில் காயப்போட்டா அது சுத்தமான பொருள்தான். ஆரோவில்லில் ஈகோ ஃபெம் அமைப்பு அப்படித் துவைக்கிற துணிப் பேடைத்தான் தைச்சு விக்குது. எங்க அப்பத்தா காலத்தில் கெடுதி வந்தது துணியால் இல்லை. யார் கண்ணிலும் படக்கூடாதுன்னு வைக்கோல் போருக்குப் பின்னாலயும் பாவாடைக்கு அடியிலயும் ஈரத்தோடு காயப்போட்டதால் வந்தது. அஞ்சாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21) 15 முதல் 24 வயசுப் பெண்களில் நூத்துக்கு 77 பேர் சுகாதாரமான முறைக்கு வந்துட்டாங்கன்னு சொல்லுது. அந்தக் கணக்கில் பேட், டாம்பன், கப் எல்லாம் சேரும், வெறும் துணி சேராது. பேடைப் பத்து மணி நேரம் மாத்தாம வச்சிருக்கிறவ சுகாதாரக் கணக்கில் வந்துடுறா, வெயிலில் காய்ஞ்ச துணி வைக்கிறவ வர்றதில்லை. இந்தப் பக்கம் மதுரை மாவட்டம் கூவலாபுரத்தில் மாதவிலக்கான பெண்கள் இன்னமும் முட்டுவீட்டில் தனியாத் தங்கிற வழக்கம் இருக்கு. அங்கே எந்தப் பேடைக் கொடுத்தாலும் அந்த வெளியேத்தத்தை அது மாத்தாது.

என் விஷயத்துக்கு வர்றேன். நான் கப்புக்கு மாறி நாலு வருஷம் ஆச்சு. முதல் ரெண்டு மாசம் பாடாப் பட்டேன், மூணாவது மாசம் பழகிருச்சு. காலையில் வச்சுட்டு வயலில் இறங்கினா சாயங்காலம் வரைக்கும் அந்த நினைப்பே வர்றதில்லை. குப்பையும் இல்லை. முந்நூறு நாநூறு ரூபாய்க்கு வாங்கினது, நல்லா வச்சுக்கிட்டா பத்து வருஷம் வரைக்கும்கூட வரும். கேரளாவில் ஆலப்புழை நகராட்சி 2019-ல் 5,000 கப் கொடுத்தது. 2022-ல் எர்ணாகுளம் பக்கம் கும்பளங்கி ஊராட்சி கப் கொடுத்து, நாப்கின் இல்லாத ஊராட்சின்னு அறிவிச்சது.

அதுக்காக எல்லாரும் கப்புக்கு மாறுங்கன்னு சொல்ல மாட்டேன். கையை நல்லாக் கழுவத் தண்ணி வேணும். மாசா மாசம் கொதிக்க வைக்கத் தனிப் பாத்திரம் வேணும். மாமியார் இருக்கிற அடுப்படியில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. காப்பர்-டி போட்டிருக்கிறவங்க டாக்டரைக் கேக்காம வைக்கக் கூடாது, கப்பை இழுக்கும்போது அது நழுவலாம். உள்ளே வைக்கவே பயப்படுற பெண்ணைக் கட்டாயப்படுத்துறது அதைவிடத் தப்பு.

அதனால நிலம் வச்சிருக்கிறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான். கூலிக்கு ஆள் கூப்பிடுறோம்னா மறைப்பும் நம்ம பொறுப்பு. எங்க மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் கீத்து மறைப்பு ஒண்ணு கட்டி, ஒரு டிரம் தண்ணி, சோப்பு, மூடி போட்ட வாளி வச்சிருக்கோம். பெரிய செலவில்லை. அதுக்கப்புறம் களை எடுக்க வர்றவங்க பேட் வச்சிருக்காங்களா, துணியா, கப்பான்னு நான் கேக்கிறதில்லை. அது அவங்க இஷ்டம்.

பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் இதேதான். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நாப்கின் பெட்டி அனுப்பணும்னு ஆசைப்பட்டா அனுப்புங்க, வேண்டாங்கலை. அதுக்கு முன்னாடி அந்தப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கா, குழாயில் தண்ணி வருதா, மூடி போட்ட குப்பைத்தொட்டி இருக்கான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க. இல்லேன்னா முதல்ல அதைச் செய்ங்க.