இரத்தான கேள்விப்பத்திரமும் ஏமாந்த குடிமகனும்

அரசாங்கம் கேள்விப்பத்திரம் கோருகின்றது, நிறுவனங்கள் போட்டியிடுகின்றன, முடிவு தெரியும் வேளையில் எல்லாம் இரத்தாகின்றது. உடனே கொழும்பில் மேன்முறையீடு, வழக்கு, அறிக்கைப் போர்! யாருக்காகக் கேள்வி கோரப்பட்டதோ, அந்தக் குடிமகனின் பெயர் வழக்கேட்டில் எங்கேனும் உண்டா?

போரில் வீடிழந்த வடக்கு, கிழக்கு மக்களுக்கு 65,000 வீடுகள் என்று அரசு அறிவித்தது. 2016இல் ஆர்செலர் மித்தல் நிறுவனத்தின் உருக்கு வீடுகளைக் கொணர முற்பட்டது. விலை அதிகம், வெயிலுக்கு ஒவ்வாது என்று எதிர்ப்பு எழுந்தது, அத்திட்டம் கைகூடவில்லை. 2018இல் 40,000 வீடுகளுக்கான 30 கோடி டொலர் ஒப்பந்தம் சீன நிறுவனமொன்றுக்குக் கிடைத்தது. கல்வீடே வேண்டுமென மக்கள் கேட்டனர், வேலை தடைப்பட்டது. அவ்வாண்டு ஒக்தோபரில் அமைச்சரவை அதனை மாற்றி, 28,000 வீடுகளை 3,580 கோடி ரூபாவுக்கு இந்திய, இலங்கை நிறுவனங்களின் கூட்டுக்கு வழங்கத் தீர்மானித்தது. சில நாட்களில் நாட்டில் அரசியல் நெருக்கடி மூண்டது. 65,000 என்ற வாக்குறுதி முழுமை பெறவேயில்லை.

சீனாவுக்கு வெற்றியா, இந்தியாவுக்கு வெற்றியா என்று உலகம் கணக்குப் பார்த்தது. புதுக்குடியிருப்பில் தகரக் கொட்டிலின் கீழ் மாரியைக் கழித்தவன் கணக்கை யார் பார்த்தார்?

இரத்துச் செய்வதே குற்றமென்று நாம் கூறவில்லை. ஒவ்வாத வீட்டை நிறுத்தக் கேட்டவர்களும் எம்மவரே. கேள்விகளை நிராகரிக்கும் உரிமை அரசுக்கு உண்டு. ஆயினும் அவ்வுரிமை மன்னனின் மனவிருப்பன்று. சட்டத்தின் முன் யாவரும் சமமென்று அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை விதிக்கின்றது. தான் வகுத்த கேள்வி நிபந்தனைக்கு அரசும் கட்டுப்பட்டதே என 1979இல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது.

அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றில் தாக்கல் செய்தல் வேண்டும். நிறுவனத்துக்கு வழக்கறிஞர் உண்டு, பணமும் உண்டு. இரத்தின் காரணத்தையே அறியாத கமக்காரன், ஒரு மாதத்துள் எதனை எதிர்த்து வழக்காடுவான்? மறைக்கப்பட்ட காரணம், மறுக்கப்பட்ட நீதியேயாகும்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. இரத்தின் காரணம் தமிழில் எழுதப்பட்டுப் பிரதேச செயலகத்தில் ஒட்டப்படல் வேண்டும். மறு கேள்விக்குரிய திகதி அதிலேயே குறிக்கப்படல் வேண்டும். ஒதுக்கிய பணம் வேறிடம் செல்லலாகாது. 2020இல் ஒழிக்கப்பட்டு, 2022இன் 21ஆம் திருத்தத்தால் மீண்ட தேசிய பெறுகை ஆணைக்குழு இவற்றை விதியாக்கட்டும்.

அதுவரை நாம் வாளாவிருத்தல் தகாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் எம் கையில் உளது. விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுள் அலுவலர் முடிவு கூறக் கடமைப்பட்டவர். கற்றோர் எழுதிக் கொடுங்கள், கமக்காரர் கையொப்பமிடுங்கள். ஏன் நிறுத்தினாய் என்று கேட்பது யாசகமன்று, உரிமை!