வாடகைக் கத்திரிக்கோல்

உங்கள் வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியிலோ வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்திலோ ஒரு காஸெட்டோ சி.டி.யோ நிச்சயம் இருக்கும். உங்கள் கல்யாணம், அல்லது மகளின் காதுகுத்து. அதைக் கொஞ்சம் வெட்டி ஒட்டி, பந்தியில் நாற்பது நிமிடம் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும் சித்தப்பாக்களை நாலு நிமிடமாகக் குறைத்து, பின்னணியில் ஒரு பாட்டும் போட்டு, வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப வேண்டும். உங்கள் ஆசை அவ்வளவுதான். இந்தச் சின்ன ஆசையைக் காட்டி உங்களிடம் எத்தனை தடவை காசு பிடுங்கியிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டதுண்டா? நான் காமர்ஸ் படித்தவன். போட்டுப் பார்த்தேன். வயிறு எரிகிறது.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2000களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் கடைக்காரர் “இது பத்தாது சார்” என்று சொன்னால் அதில் உண்மை இருந்தது. மினி டிவி காஸெட்டில் இருக்கும் ஒரு மணி நேரப் படம், ஃபயர்வயர் கேபிள் வழியாக உள்ளே வந்தால் 13 ஜி.பி. இடம் பிடிக்கும். அன்றைக்குப் பல வீடுகளில் இருந்த ஹார்ட் டிஸ்க்கே 40 ஜி.பி.தான். மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஏற்றினால் விண்டோஸுக்கு மூச்சு முட்டும். ராத்திரி ரெண்டரிங் போட்டுவிட்டுப் படுத்து, காலையில் எழுந்து பார்த்தால் 62 சதவீதத்தில் நின்றிருக்கும். கரண்ட் போனால் அதுவும் போச்சு. அப்போது மெமரி வாங்கினோம், டிஸ்க் வாங்கினோம். கொடுத்த காசுக்கு வேலை நடந்தது. அது அப்கிரேட்.

இப்போது நடப்பதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

எங்கள் அடுக்ககத்தில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். 2017 தொடக்கத்தில், பேரன் பிறந்த கையோடு, இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5 போட்ட கம்ப்யூட்டர் வாங்கினார். இன்றைக்கும் குண்டூசி விழுந்தால் கேட்கும் அளவுக்கு அமைதியாக ஓடுகிறது. ஆனால், 2021-ல் வந்த விண்டோஸ் 11 அந்த பிராசஸரை ஏற்றுக்கொள்ளாது. எட்டாம் தலைமுறையில் இருந்துதான் அனுமதி. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அவரிடம் இருந்த விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு கருமாதி. கம்ப்யூட்டர் நின்றுவிடாது, பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிடும். அதே கம்ப்யூட்டரில்தான் மனிதர் நெட் பேங்கிங்கும் செய்கிறார். பயப்படாமல் என்ன செய்வார்?

தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. தொழிலுக்காக வாங்கிய கம்ப்யூட்டருக்கு வருமான வரிக் கணக்கில் 2017-18 முதல் வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம். 50,000 ரூபாய் கம்ப்யூட்டர் ஐந்து வருஷம் கழித்தும் கணக்குப் புத்தகத்தில் 3,888 ரூபாய் மதிப்போடு உட்கார்ந்திருக்கும். இந்த முறையில் எத்தனை வருஷம் குறைத்தாலும் மதிப்பு பூஜ்யம் ஆகாது. அதாவது, வருமான வரித் துறைக்கு இருக்கும் இரக்கம்கூட இந்த சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு இல்லை. அவர்கள் ஒரு தேதியைக் குறிப்பார்கள். அன்றைக்குப் பூஜ்யம்.

இன்னும் ஒரு வருஷம், 2026 அக்டோபர் வரை, அப்டேட் தருகிறோம் என்றார்கள். அதற்கு 30 டாலர் கட்டு, அல்லது உன் செட்டிங்ஸை எங்கள் சர்வரில் சேமித்து வை என்று நிபந்தனை வைத்தார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டன. அங்கே மட்டும் காசும் வேண்டாம், சர்வர் நிபந்தனையும் வேண்டாம் என்று இறங்கி வந்தார்கள். நாம் சண்டை போடவில்லை. நமக்கு இறங்கவில்லை.

சரி, எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு வருவோம். 2000-ல் விண்டோஸ் எம்.இ.யோடு மூவி மேக்கர் இலவசமாக வந்தது. குழந்தைகூடப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளும். கோடிக்கணக்கான வீடுகளைப் பழக்கிவிட்டு, 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். 2021-ல் க்ளிப்சாம்ப் என்ற கம்பெனியை வாங்கி அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். அதில் 4கே தரத்தில் படம் வெளியே எடுக்க வேண்டுமானால் சந்தா. பழைய மூவி மேக்கர் ப்ராஜெக்ட்டை எடுத்துப் போனால், “நீ யாரப்பா?” என்று கேட்கும்.

அடோபி இன்னும் ஒரு படி மேலே. 2013-ல், இனி எங்கள் புதிய பிரீமியரை விற்க மாட்டோம், வாடகைக்குத்தான் விடுவோம் என்று அறிவித்தது. மாதச் சந்தா மாதிரி தெரியும். உள்ளே பார்த்தால் வருஷ ஒப்பந்தம், நடுவில் விலகினால் அபராதம். அதைச் சரியாகச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசே வழக்குப் போட்டது. வீட்டு உபயோகத்துக்கு என்றே விற்கும் பிரீமியர் எலிமெண்ட்ஸையும் விடவில்லை. அதன் 2025 பதிப்பில் இருந்து லைசென்ஸ் மூன்று வருஷத்துக்குத்தான். மொத்தமாகக் காசு கொடுத்து வாங்கிய பிறகும் மூன்று வருஷத்தில் எடிட்டர் பூட்டிக்கொள்ளும். உங்கள் மிக்ஸி மூன்றாவது வருஷம் முடிந்த அன்று தானாகச் சுற்றுவதை நிறுத்தினால் கடைக்காரரைச் சும்மா விடுவீர்களா?

“இன்ஜினீயர்களுக்குச் சம்பளம் யார் தருவது? நீங்கள் எல்லாம் ரிச்சி தெரு திருட்டு சி.டி. கோஷ்டிதானே?” என்று கேட்பார்கள். திருட்டு சி.டி. போட்டவனுக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவன் அடுத்த திருட்டு சி.டி. போட்டுக்கொள்வான். பில் போட்டு வாங்கிய வங்கி அதிகாரிதான் மாட்டிக்கொண்டு முழிக்கிறார். புதிய வசதிக்குப் புதிய காசு கேளுங்கள், தருகிறோம். பழைய வசதி பழைய மெஷினில் ஓடுவதை ஏன் கெடுக்கிறீர்கள்?

கத்தினால் நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2011 ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ், பழைய ஃபைனல் கட் ப்ராஜெக்ட்களைத் திறக்க மறுத்தது. பல கேமரா எடிட்டிங்கையும் காணோம். தொழில்முறை எடிட்டர்கள் உலகம் முழுக்கக் கூச்சல் போட்டார்கள். 2012 ஜனவரியில் பல கேமரா வசதி திரும்பி வந்தது. வீட்டு எடிட்டர்களுக்குத்தான் கத்த ஆள் இல்லை.

இந்தியாவில் 2022 டிசம்பரில் ‘பழுது பார்க்கும் உரிமை’க்காக மத்திய அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, மொபைல் மற்றும் எலெக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நான்கு துறைகள். நல்ல காரியம். ஆனால் ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடியாத பழுது என்று ஒன்று வந்துவிட்டதே, அதை யார் பார்ப்பது? மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி அச்சடிக்கிறார்கள். இந்த கம்ப்யூட்டருக்கு எந்த வருஷம் வரை அப்டேட் உண்டு, இந்த சாஃப்ட்வேர் என்றைக்குப் பூட்டிக்கொள்ளும் என்று பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போடச் சட்டம் கொண்டு வருவதில் என்ன கஷ்டம்? கடையை மூடும்போது, உங்கள் ப்ராஜெக்ட்களை வேறு சாஃப்ட்வேர் படிக்கும் வடிவத்தில் எடுத்துக்கொடுத்துவிட்டு மூடு என்று சொல்வதில் என்ன தப்பு?

வங்கி அதிகாரிக்கு என்ன ஆச்சு என்கிறீர்களா? மகன் ஃபோனில் இருந்து அனுப்பும் 4கே படம் திக்கித் திக்கி ஓடுகிறது என்று கடைக்குப் போனார். அறுபதாயிரம் ரூபாய்க்குப் புது மெஷின் கொட்டேஷன் கொடுத்தார்கள். ப்ராக்ஸி என்று ஒரு வார்த்தையை யாரும் சொல்லவில்லை. பெரிய படத்துக்குச் சின்ன நகல் எடுத்து, அதை வைத்து வெட்டி, கடைசியில் அசலில் இருந்து முழுத் தரத்தில் வெளியே எடுப்பது. அந்தக் காலத்து சினிமா எடிட்டர்கள் நெகடிவைத் தொடாமல் ரஷ் பிரிண்ட்டில் வெட்டினார்களே, அதே சமாசாரம்தான். கேடன்லைவ், ஷாட்கட் என்ற இலவச சாஃப்ட்வேர்களிலேயே இந்த வசதி இருக்கிறது. ஒரு எஸ்.எஸ்.டி. மட்டும் வாங்கிப் போட்டோம். லினக்ஸ் ஏற்றினோம். அப்டேட் பயமும் போயிற்று. பேரனின் பிறந்த நாள் படம் ஒன்பது நிமிடம், ஜம்மென்று வந்திருக்கிறது.

முடித்த படத்தை எம்.பி.4 ஆக எடுத்து, அசல் கிளிப்புகளோடு இரண்டு டிஸ்க்கில் வையுங்கள். ப்ராஜெக்ட் ஃபைலை நம்பாதீர்கள். பீரோவில் மினி டிவி காஸெட் இருந்தால், ஃபயர்வயர் உள்ள பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். 2025-ல் வந்த மேக் இயங்குதளத்தில் ஃபயர்வயர் ஆதரவையே தூக்கிவிட்டார்கள். கேமராவைத் தேடி எடுத்து, ஓடுகிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே போட்டுப் பாருங்கள்.