காதுக்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள்!

நண்பர்களே, வெல்டிங் ஷாப்பில் உங்கள் முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது. எலக்ட்ரோடு தொட்டால் ஒட்டிக்கொள்ளும், தூக்கினால் ஆர்க் அணைந்துவிடும். "பார்த்துப் பண்ணுப்பா" என்பார் சார். எதைப் பார்ப்பது? ஆளுக்கு நாலு ராடுதான். அதில் மூன்று ஒட்டியே போய்விடும்.

எனக்கு வழி காட்டியவர் ஷாப் உதவியாளர் அண்ணன்தான். "பாக்காத தம்பி, கேளு. எண்ணெயில வடை வேகுற மாதிரி ஒரே சீரா கேக்கணும்" என்றார். அன்றுதான் என் பீட் நேராக வந்தது. (நேராக என்றால், என் அளவில் நேராக!)

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. 3.15 மி.மீ. எலக்ட்ரோடுக்கு ஆர்க் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே. நீளம் கூடினால் வோல்ட்டேஜ் ஏறும். சத்தம் உடைந்து பொறி சிதறும். குறைந்தால் சத்தம் அமுங்கி, ராடு ஒட்டும். கை செய்யும் தப்பை அந்த நொடியே காது சொல்லிவிடுகிறது. ஜாப் ஆறி, ஸ்லாக் தட்டி, சார் வந்து திட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் ஷாப்பில் நடப்பதென்ன? இந்தப் பக்கம் வெல்டிங், அடுத்த மேஜையில் கிரைண்டிங், நடுவில் நம் அரட்டை. பிறகு ஆர்க் சத்தம் யார் காதில் விழும்? கிரைண்டிங்கை வேறு பீரியடுக்கு மாற்றுங்கள் என்கிறேன். பைசா செலவில்லை.

எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களே, ஆர்க் வோல்ட்டேஜை அளந்து, நீளம் தப்பினால் 'பீப்' அடிக்கும் சர்க்யூட்டை நீங்கள் ப்ராஜெக்டாகச் செய்யலாமே! (மெஷினிலிருந்து நேராக வயர் இழுத்துவிடாதீர்கள், ஆப்டோகப்ளர் போடுங்கள்.) ஆனால் அது ஓயாமல் அடிக்கக் கூடாது. 1984-இல் சால்மோனி, ஷ்மிட், வால்டர் என்ற மூவர் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். ஒவ்வொரு முறையும் விளைவைச் சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சியில் நன்றாகச் செய்கிறவர்கள், சொல்வதை நிறுத்தியதும் தடுமாறக்கூடும் என்பது அவர்கள் கண்டது. பிராக்டிகல் பரீட்சையில் நமக்கு பீப் ஏது? ஆகவே முதல் வாரம் எப்போதும் பீப், பிறகு ஒன்று விட்டு ஒன்று, அப்புறம் சுவிட்ச் ஆஃப். மிச்சம் வடைச் சத்தம் மட்டும்.

அடுத்த ஆண்டு டைம்டேபிள் போடும் முன் ஷாப் சூப்பரின்டெண்டென்டிடம் மனு கொடுக்கப் போகிறோம். கையெழுத்துப் போடுகிறவர்கள் மதிய இடைவேளையில் சங்க அறைக்கு வாருங்கள். கிரைண்டிங் பேட்ச் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்; உங்களுக்கும் வெல்டிங் முறை வரும்!