சொன்னதைச் செய்தது குற்றமா?

தோழியரே, சொன்னபடி நடந்தவரைக் குறை சொல்லலாமா? ‘கூடாது’ என்றே பலரும் சொல்வர். நான் ‘சொல்லலாம்’ என்னும் கட்சி.

கணினிகள் இணையத்தில் ஒன்றோடொன்று பேசத் துணைபுரியும் மென்பொருள்களில் ஒன்று ‘கர்ல்’. சுவீடன் நாட்டவரான டேனியல் ஸ்டென்பெர்க் 1998இல் இப்பெயரில் வெளியிட்டது. கைபேசி, தொலைக்காட்சிப் பெட்டி, மோட்டார் கார் இவற்றினுள்ளும் ஓசையின்றி உழைக்கிறது. விலையோ ஒரு பைசாவும் இல்லை!

ஓர் இணையதளத்தினுள் நுழைய, நாம் இன்னார் என்று காட்டும் இரகசியச் சான்றைக் கர்லிடம் கொடுத்தனுப்புகிறோம். அந்தத் தளமோ, ‘நீ தேடுவது இங்கில்லை, வேறு முகவரிக்குப் போ’ என்கிறது. இணையத்தில் இது அன்றாட நிகழ்ச்சிதான். கர்லும் போயிற்று. போன இடத்திலும் அதே சான்றை எடுத்து நீட்டியது! அங்கிருப்பவர் நல்லவராயின் பிழைத்தோம். தீயவராயின், அதைக் காட்டி நம் பெயரிலேயே முதல் தளத்தினுள் நுழைந்துவிடலாம்.

பெயரையும் கடவுச்சொல்லையும் கர்லுக்குரிய வழக்கமான முறையில் கொடுத்தவர்களுக்கு முன்பே காவல் இருந்தது. சான்றைத் தாமே கோரிக்கையின் தலைப்பு வரியில் எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் இந்த ஆபத்து. 1999இலேயே இருந்த குறை, 2018 ஜனவரியில் 7.58.0 என்னும் பதிப்பில்தான் திருத்தப்பட்டது. எவரும் படிக்கலாம் என்று நிரல் முழுவதும் திறந்து கிடந்தும் 18 ஆண்டுகளுக்கு மேல்!

‘சான்றைக் கொடு என்றதும் நாம், காட்டிய இடத்துக்குப் போ என்றதும் நாம், கர்ல் என்ன செய்யும்?’ என்று கேட்கலாம். பெரியம்மாவிடம் கொடுக்கும்படி வீட்டுச் சாவியைத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறோம். அங்கே யாரோ ‘கடைக்குப் போ’ என்றதும், அவன் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தால், சொன்னதைத்தானே செய்தான் என்று அம்மா விட்டுவிடுவார்களா? சாவி பெரியம்மாவை நம்பிக் கொடுத்ததல்லவா!

இப்போது கர்ல் அந்தச் சான்றை முதலில் குறித்த தளத்துக்கு மட்டுமே தருகிறது. பிறருக்கும் தரலாம் என்று நாம் தனியே அனுமதித்தாலன்றி மற்ற இடத்தில் தராது. நியாயமான ஏற்பாடு. ஆனால் பழைய பதிப்பை மாற்றாத கருவியில் பழைய குறை அப்படியே இருக்கும். ‘புதுப்பிக்கவா?’ என்று கைபேசி கேட்கும்போதெல்லாம் ‘பிறகு’ என்பதையே அழுத்தும் அண்ணன்மார் வீட்டிலிருந்தால், தோழியரே, இதைச் சற்று உரக்கப் படியுங்கள்.