ஓலை வாசிக்கும் நாளிலேயே



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், கருவுற்ற தாய்மார்களுக்கு ஃபோலிக் அமிலமும் இரும்புச்சத்தும் மாத்திரைகளாக வழங்கப்படுகின்றன. இரும்பின் பயன் யாவரும் அறிந்ததே. ஃபோலிக் அமிலம் எதற்காக?

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியுமுன், தன்னுள் இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். அதற்கு நியூக்ளியோடைடு எனும் செங்கற்கள் கோடிக்கணக்கில் தேவை. அவற்றை அது இரு வழிகளில் பெறுகின்றது. பழைய வீட்டை இடிப்போர் நல்ல செங்கற்களைப் பொறுக்கி அடுக்குவதுபோல, சிதைந்த அணுக்களின் பகுதிகளை எடுத்தாள்வது ஒரு வழி. பாஸ்பேட் ஒட்டிய செங்கல் உயிரணுவின் சவ்வை எளிதில் கடவாது. ஆதலால் பாஸ்பேட் வெளியே களையப்படுகின்றது. எஞ்சிய பகுதி உள்ளே நுழைந்தபின், மீண்டும் பாஸ்பேட் ஒட்டப்படுகின்றது. சிறு பொருள்களிலிருந்து புதிதாகவே செங்கல் அறுப்பது மற்றொரு வழி. விரைந்து பெருகும் அணுக்களுக்கு இவ்வழி இன்றியமையாதது. அவ்வேலையில் ஒற்றைக் கார்பன் அணுக்களைச் சுமந்து வந்து தரும் சித்தாளே ஃபோலிக் அமிலம். சித்தாள் வராவிடில் கட்டடம் எழும்பாது.

இந்தச் சித்தாளை உலகுக்கு ஆக்கித் தந்தவருள் முதன்மையானவர் நம் சென்னையில் பயின்றவர். 1895-இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். கதராடை அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக, அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். 1923-இல் அமெரிக்கா சென்றார். அங்கு லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழுவினர், 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர்.

அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. உருவில் ஃபோலிக் அமிலத்தை ஒத்து, வேலையைத் தடுத்து நிறுத்தும் போலிச் சித்தாளையும் ஆக்கினர். அமினோப்டெரின் எனும் அம்மருந்தை, பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு 1947-இல் அளித்தார். செங்கல் கிட்டாத புற்றணுக்கள் பெருக மாட்டாமல் திகைத்தன. சில குழந்தைகள் சில காலம் நலமுற்றனர். அதுவரை கைவிரித்திருந்த மருத்துவத்திற்கு அது முதல் நம்பிக்கை. அம்மருந்தின் உறவான மெதோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகின்றது. சுப்பாராவோ 1948-இல் மறைந்தார்.

புற்றணுவைப் பட்டினியிடும் அதே அறிவுதான் கருவுக்கு ஊட்டமளிக்கவும் கற்பிக்கின்றது. கருவில் மூளைக்கும் தண்டுவடத்திற்கும் அடிப்படையான குழல், கருத்தரித்த ஏறத்தாழ 28 நாள்களில் மூடிக்கொள்கின்றது. தாய் தன் நிலையை உறுதியாய் அறியுமுன்னரே அது நிகழ்ந்துவிடலாம். அந்நாள்களில் ஃபோலிக் அமிலம் குறைந்தால், குழந்தை முதுகுத்தண்டுக் குறையுடன் பிறக்கும் ஆபத்து மிகும். அதன்பின் மாத்திரை உண்டு அக்குறையைச் சீராக்க இயலாது.

கீரையும் பயறும் நன்று. நெடுநேரம் வேகவைத்து நீரைக் கொட்டினால் சத்து வீணாகும். எனினும் உணவு மட்டும் போதாது. கருத்தரிக்கும் முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உண்பதே முறை. வேறு மருந்து உண்போரும், முன்னர் இத்தகைய குழந்தை பெற்றோரும் மருத்துவரைக் கேட்டே உண்க.

பெற்றோர்களே, மகளுக்குக் கோவிலில் திருமண ஓலை வாசிக்கப்படும் நாளில் சேலையும் நகையும் எண்ணுகின்றோம். பிறக்கவிருக்கும் பேரக்குழந்தையையும் அன்றே எண்ணுவோமாக.