பூனைக்குட்டியும் மணற்பெட்டியும்

ஒரு பூனைக்குட்டி எங்கே கழிக்கிறது என்பதும் ஒரு விஷயமா, அதற்கும் இப்பக்கத்தில் இடமா என்று வாசகர்களுட் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆனால் எமது சந்தைகளின் பின்புறத்திலும் கோயில் வீதிகளிலும் சாக்கிலே கட்டிக்கொண்டு வந்து விடப்படும் குட்டிகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவற்றுட் சில, ‘வீட்டை அசுத்தப்படுத்துகிறது’ என்ற ஒரே குற்றச்சாட்டின் பேரில் நாடுகடத்தப்பட்டவை. பராமரிப்பு நிலையங்களிலிருந்து ஆசையோடு எடுத்துச் செல்லப்பட்ட குட்டிகளும் இதே குற்றத்துக்காகத் திரும்பி வருவதுண்டு. ஓருயிரின் கதி ஒரு தட்டு மணலைப் பொறுத்திருக்குமாயின் அது சிறு விஷயம் அன்று. இவ்வழக்கில் எதிரிக் கூண்டில் நிற்கவேண்டியது குட்டி அன்று, பெட்டியும் அதனை வைத்த மனிதருமே என்பது என் அபிப்பிராயம்.

பூனையின் இயல்பை முதலில் நோக்குவோம். பிறந்த குட்டி ஏறத்தாழ மூன்று வாரம் வரை தாய் நக்கித் தூண்டினாலன்றிக் கழிக்க மாட்டாது. அதன்பின் இளகிய மண்ணைக் கண்டால் தானே பறண்டிக் குழி செய்து மூடத் தொடங்கும். இதனை அதற்கு எவரும் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் உலாவும் காட்டுப்பூனையாகும். சைப்பிரஸ் தீவிலே மனிதன் ஒருவனுக்கு அருகே பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்த, சுமார் 9,500 ஆண்டுப் பழைமையான புதைகுழி பற்றிய செய்தி 2004 இல் வெளியாயிற்று. அத்துணை நீண்ட காலம் மனிதரோடு வாழ்ந்தும், மண்ணைத் தேடும் குணத்தைப் பூனை விட்டுவிடவில்லை.

யாழ்ப்பாணத்து வளவிலே இது ஒரு பிரச்சினையாக இருந்ததில்லை. வேலியோரத்து மணல் பூனைக்குப் போதியதாயிருந்தது. வெள்ளவத்தையின் மாடிவீடுகளிலோ மண்ணுக்கு எங்கே போவது? மேனாட்டாரும் முன்னர் சாம்பலையும் மணலையுமே தட்டில் இட்டு வந்தனர். 1947 இல் அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்தில் எட்வேட் லோ என்பவர், எண்ணெய்க் கசிவை உறிஞ்சுவதற்கென விற்கப்பட்ட களிமண் மணிகளைப் பூனைக்கு உபயோகிக்கலாம் எனக் கண்டு, அதனை ஒரு வியாபாரமாகவே வளர்த்தார். பூனை வீட்டுக்குள் வந்துவிட்ட பின், மண்ணையும் அதனோடு வீட்டுக்குள் கொண்டுவருவது எம் கடமையாயிற்று.

இனி, அஞ்சிய குட்டியின் நிலை யாதெனப் பார்ப்போம். குட்டியின் வாழ்வில் ஏறத்தாழ இரண்டாம் வாரந் தொடங்கி ஏழாம் வாரம் வரை உள்ள காலமே மனிதரோடு இணங்கப் பழகுவதற்கு மிக வாய்ப்பான காலம் என அறிஞர் கூறுவர். அக்காலத்தில் அன்பான கை படாத குட்டிக்கு மனிதன் ஒரு பூதம். அத்தகைய குட்டி புதிய வீட்டுக்கு வந்ததும் கட்டிலின் கீழ் ஒடுங்கிவிடும். மணற்பெட்டி குசினிக்கு அப்பால் இருக்குமாயின், அதனை அடைய ஒரு விறாந்தையையும் நாலு மனிதரையும் கடக்க வேண்டும். கடக்க அஞ்சி ஒளித்த இடத்திலேயே கழித்துவிடுகிறது. இதனைப் பிடிவாதம் என்று சொல்லலாகாது, இது அச்சம்.

சென்ற வருடம் நாங்கள் ஒரு பராமரிப்பு நிலையத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மாதக் குட்டியொன்றைக் கொண்டுவந்தோம். அது அலுமாரியின் அடியிற் புகுந்துகொண்டது. இரண்டாம் நாள் பாயின் மேல் ஈரம். அயல் வீட்டு ஆச்சி வந்து பார்த்துவிட்டு, “தம்பி, மூஞ்சையைப் பிடிச்சு அந்த இடத்திலை ஒருக்காத் தேய்ச்சுவிடுங்கோ, பிறகு மறக்காது” என்றார். “ஆச்சி, அது பிறகு என்னைத்தான் மறக்காது” என்றேன். ஆச்சியின் மருந்து எம்மவர் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கி வருவது. ஆயினும் கழிந்துபோன செயலையும் இப்போது விழும் அடியையும் பூனை தொடர்புபடுத்தி உணர்வதில்லை. கை வந்தால் ஆபத்து என்பதையே கற்கிறது. அடுத்த முறை இன்னும் மறைவான மூலையைத் தேடுகிறது. பாயை எடுத்துத் தோய்த்தோம். பெட்டியை அலுமாரிக்குப் பக்கத்திலேயே விட்டுவைத்தோம். ஒன்பதாம் நாளிலிருந்து பிழை நேரவில்லை.

வைணவ ஆசாரியர்கள் பேசும் மார்ச்சார நியாயமும் மர்க்கட நியாயமும் இப்பக்கத்து வாசகர்கள் அறிந்தவையே. பூனைக்குட்டி ஒரு முயற்சியுமின்றிக் கிடக்கத் தாய் கௌவிச் செல்கிறது. குரங்குக் குட்டியோ தானே தாயைப் பற்றிக்கொள்கிறது. தாயைப் பிரிந்து அஞ்சிய பூனைக்குட்டிக்குப் பொருந்துவது, விந்தையாக, குரங்கின் நியாயமே. நாம் தூக்கலாகாது, அது தானாக வந்து பற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருத்தல் என்பது சும்மா இருத்தல் அன்று. முதற் சில நாட்களுக்கு ஓர் அமைதியான அறையே குட்டிக்குப் போதும். ஒளிக்க ஒரு கடதாசிப் பெட்டி வேண்டும். நெதர்லாந்தின் பராமரிப்பு நிலையம் ஒன்றில் நிகழ்ந்து 2014 இல் வெளியான ஆய்வு, ஒளிப்பதற்குப் பெட்டி பெற்ற பூனைகள் விரைவிற் கலக்கம் தெளிந்தன எனக் காட்டியது. நிலத்தில் அமர்ந்து, அதனை உற்றுப் பாராது, உணவை அருகில் வைத்து வாசித்துக்கொண்டிருக்கலாம். கண்களை மெல்ல மூடித் திறந்தால் பூனை அதனை நட்பின் குறியாகக் கொள்கிறது என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020 இல் எழுதினர்.

பெட்டியும் குட்டிக்கு ஏற்றதாதல் வேண்டும். விளிம்பு தாழ்வாக இருக்கட்டும்; மணல் ஏறத்தாழ இரண்டு அங்குல ஆழம் போதும்; வாசனைத் திரவியம் வேண்டாம். உணவுத் தட்டுக்கு அருகில் வைக்கலாகாது. தான் உண்ணும் இடத்தில் எந்தப் பூனையும் கழிக்க விரும்பாது. தினமும் அள்ளிச் சுத்தம் செய்க. ஈரமான இடத்தை அமோனியா கலந்த திரவத்தாற் கழுவினால் அதன் மணம் சிறுநீரையே நினைவூட்டும். பீனோல் கலந்த கிருமிநாசினியோ பூனைக்கு நஞ்சு. இத்தனைக்கும் பின்னர் குட்டி தவறினால் நோயையும் நினைக்க வேண்டும். பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டம் தரும். முக்கி முக்கியும் சிறுநீர் வராத கடுவனை அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இவ்வளவும் ஒரு பூனைக்காகவா என்று கேட்போருக்கு ஒன்று சொல்வேன். வகுப்பறையின் கடைசி வாங்கிலே வாய் திறவாதிருக்கும் பிள்ளையை மந்தன் என்று எழுதிவிடும் கையும், குட்டியைச் சாக்கிற் கட்டும் கையும் ஒரே அவசரத்தால் இயங்குகின்றன. அஞ்சுகிறவனை அடங்காதவன் என்று பிழையாக வாசிப்பது எமது பழைய வியாதி. ஆதலின் சாக்கைத் தேடுமுன் நாலு கேள்விகளை எம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக: பெட்டி அதன் மறைவிடத்துக்கு அருகில் இருக்கிறதா? இன்று அள்ளினோமா? உடல் நலமா? ஒரு மாதமாவது பொறுத்தோமா? நாலுக்கும் ஆம் என்று சொல்லக்கூடியவர் வீட்டில் அந்தச் சாக்குக்குப் பெரும்பாலும் வேலையிராது.